விலாசமும் வணிகக்குறியும்: பெயரை இரவல் கொடுத்த வரலாறு

வாணிகத்தில் பண்டம் கைமாறும், பணம் கைமாறும். இவ்விரண்டையும் கண்ணால் காணலாம். இவற்றோடு பெயரும் கைமாறுவதுண்டு. ஒருவர் ஈட்டிய நற்பெயரை மற்றொருவர் தம் தொழிலில் எடுத்து வழங்குவதற்கு எழுதிக்கொள்ளும் உடன்பாடு, இன்றைய வணிக ஒப்பந்தங்களில் பெரியதோர் இடத்தைப் பெற்றுள்ளது. சட்ட நூலார் இதனை அறிவுசார் சொத்துரிமை என்னும் தலைப்பில் அடக்குவர். இஃது மேனாட்டார் புதிதாகக் கண்ட பொருள் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். தமிழர் வாணிக வரலாற்றை, சிறப்பாக மலாயாவில் தொழில் நடத்திய தமிழர் வரலாற்றை நோக்குவார்க்கு அவ்வெண்ணம் நிலைபெறாது.

இப்பொருளை ஆராய என்னைத் தூண்டியது ஒரு தவறு. அதுவும் என்னுடைய தவறு. அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில், மின்மினிப் பூச்சிகளால் பெயர் பெற்ற கம்போங் குவாந்தானில் வாழ்பவன் நான், தோட்டப்பள்ளித் தலைமையாசிரியன். என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி, தன் தாயார் பால்மரம் வெட்டிய தோட்டத்திலேயே குடியிருந்து, மசாலைத்தூள் அரைத்து விற்று வந்தாள். பொட்டலத்தில் அவளுடைய பாட்டியின் பெயரும், ஓர் அம்மியின் படமும் இருக்கும். கோலசிலாங்கூர் வட்டாரத்துக் கடைகளில் அத்தூளைக் கேட்டு வாங்குவோர் பெருகினர். சில ஆண்டுகளுக்கு முன் மொத்த வணிகர் ஒருவர், அதனை ஊரெங்கும் கொண்டு செல்வதாகச் சொல்லி, இரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை அவளிடம் கொடுத்தார். அவள் அதனை என்னிடம் கொண்டுவந்து, "சார், நீங்க படிச்சுச் சொன்னா கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.

நான் படித்தேன். பெயர், படம், பொட்டலச்சீட்டு ஆகியவற்றை வணிகருக்கு 'அசைன்' செய்வதாக ஒரு வரி இருந்தது. ஆசிரியனுக்கு அச்சொல் நன்கு பழகிய சொல். மாணவருக்கு நாம் கொடுக்கும் பணிக்கு 'அசைன்மெண்டு' என்றுதானே பெயர்? "உன் பெயரைப் போட்டு விற்கும் பணியை அவரிடம் ஒப்படைக்கிறாய்; வேறொன்றுமில்லை, அம்மா" என்று விளக்கினேன். அவள் கையெழுத்திட்டாள். சட்டத்தில் அச்சொல்லுக்கு உரிமையையே முழுவதும் எழுதிக் கொடுத்தல் என்று பொருள் என்பதை நான் பின்னரே அறிந்தேன். அதற்குள் இரண்டாண்டு சென்றுவிட்டது. அவ்வணிகர் வேறோர் ஆலையில் தூளை அரைக்கத் தொடங்கிவிட்டார். பாட்டியின் பெயர் அவ்வாலைப் பொட்டலத்தில் ஏறிவிட்டது.

அந்த ஒரு சொல்லின் பொருளைத் தேடப் புகுந்த நான் கண்டவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கிறேன்.

பழந்தமிழர் இட்ட குறிகள்

பண்டத்தின்மேல் குறியிடும் வழக்கம் நம்மிடையே மிகப் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் குவிந்த பொதிகளின்மேல் சோழனின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. இஃது அரசின் குறி. சுங்கம் கண்காணிக்கப்பட்டது என்பதற்குச் சான்று. செய்தவன் யார், உடையவன் யார் என்பதைக் காட்டும் குறி வேறு வகையினது.

இவ்விரண்டாம் வகைக்கு அரியதோர் எடுத்துக்காட்டு நமக்கு அண்மையிலேயே உள்ளது. தாய்லாந்தின் தென்பகுதியில் கிராபி மாநிலத்தைச் சேர்ந்த குவான் லுக் பாட் என்னுமிடத்தில் சிறு உரைகல் ஒன்று கிடைத்தது. பொன்னின் மாற்றை உரைத்துக் காணும் அக்கல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டினது என்று அறிஞர் கணிப்பர். பெரும்பதன் என்னும் தமிழ்ப் பொற்கொல்லன் கடல் கடந்து வந்து, தன் உரைகல்லில் தன் பெயரைப் பொறித்து வைத்திருந்தான் போலும். பொன்னின் தரத்தைச் சொல்லும் கருவியின்மேல் அவன் பெயர் நிற்பது கருதத்தக்கது.

தனிமனிதன் பெயர்போலவே குழுவின் பெயரும் கடல் கடந்தது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூசை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் 1873ஆம் ஆண்டு தமிழ்க் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088 என்னும் காலக் குறிப்புடைய அது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நிறுத்தியது. அங்கு வரும் மரக்கலத்தார் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்தவேண்டும் என்னும் ஏற்பாட்டை அது கூறுகின்றது. பல நாடுகளிலும் பரந்து கிடந்த வணிகர் பலர், ஐந்நூற்றுவர் என்னும் ஒரு பெயரின்கீழ் நின்று உடன்பாடு செய்தனர். பெயரின் வலிமையே உடன்பாட்டின் வலிமையாக இருந்தது.

செட்டியார் விலாசம்

இம்மரபு மலாயாவில் முழு வளர்ச்சி பெற்றதை நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தொழில் தொடங்கினர். சிங்கப்பூர்த் தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. பின்னர்க் கோலாலம்பூரில் அம்பாங் தெரு அவர்களின் தெருவாகவே விளங்கிற்று. ரப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமும் பரவிய காலத்தில், வெள்ளையர் வங்கிகள் கதவைத் திறவாத சிறு முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்களே.

அவர்களுடைய ஒவ்வொரு தொழில் நிலையத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. இன்று நாம் முகவரி என்னும் பொருளில் வழங்கும் சொல்லன்று இது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை முறையாகக் கோத்து அமைப்பதே விலாசம். ஆனா, மூனா, ரூனா, லேனா என்று வாயாற் சொல்லும்போது கேட்பவர்க்கு அது வெறும் எழுத்தடுக்காகத் தோன்றும். தொழில் அறிந்தவர்க்கோ, அது பாட்டன் யார், தந்தை யார், எந்தக் குடும்பம், எவ்வளவு நாணயம் என்பனவற்றை ஒரு மூச்சில் உணர்த்திவிடும். உண்டியல் அவ்விலாசத்தின் பேரில் எழுதப்பட்டது. கடன் பத்திரம் அவ்விலாசத்தின் பேரில் முடிந்தது. வழக்கும் அவ்விலாசத்தோடு நீதிமன்றம் ஏறியது. பங்காளிகள் பிரிந்து வேறு வேறாகத் தொழில் தொடங்கியபோது, எழுத்தைக் கூட்டியோ மாற்றியோ தத்தம் விலாசத்தைப் பிரித்துக்கொண்டனர். ஒருவர் நாணயம் மற்றொருவர் கணக்கில் ஏறிவிடலாகாது என்பதே இதன் நோக்கம். இக்காலச் சட்டம் இருவேறு வணிகக்குறிகள் மயங்குதலாகாது என்று கூறுவதும் இதனையே.

நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது அவர்கள் மேலாளை அனுப்பிய முறை. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடல் கடந்த ஊரில் மேலாள் கிட்டங்கியில் அமர்ந்து தொழில் நடத்துவார். அவருக்குக் கீழ் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருப்பர். மேலாள் செய்யும் கொடுக்கல் வாங்கல் அனைத்தும் முதலாளியின் விலாசத்தில்தான் நடைபெறும். ஆகவே முதலாளி தம் பணத்தை மட்டும் அன்றித் தம் பெயரையும் அவர் கையில் ஒப்புவிக்கிறார். அப்பெயர் கெட்டால் காரைக்குடியிலும் கெடும், ரங்கூனிலும் கெடும்.

இதற்கு அவர்கள் செய்துகொண்ட காவல் வியப்பை அளிக்கிறது. சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்துக்குச் சேரும். மேலாள் எவை எவை செய்யலாம் என்பதை வரையறுத்து அதிகாரப் பத்திரம் தரப்படும். கணக்கு ஊருக்குத் தவறாமல் செல்லும். தவணை முடிந்ததும் மேலாள் கணக்கை முடித்து, பின் வருபவரிடம் பெட்டகத்தை ஒப்படைத்துத் திரும்புவார். பிறகு அவர் தாமே தொழில் தொடங்கலாம். ஆனால் தம் சொந்த விலாசத்தில்தான் தொடங்கவேண்டும். முதலாளியின் எழுத்துகள் முதலாளியிடமே திரும்பிவிடும். எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், யாருடைய கண்காணிப்பில், முடிந்தபின் என்ன என்னும் நான்கு கேள்விக்கும் அங்கே விடை இருந்தது.

ஆங்கிலச் சட்டம் இவ்விடத்துக்கு வந்து சேரக் காலம் பிடித்தது. இங்கிலாந்தில் வணிகக்குறிப் பதிவேடு 1876ஆம் ஆண்டு முதல் நாள் திறக்கப்பட்டது. பாஸ் என்னும் மதுவாலையாரின் சிவப்பு முக்கோணம் அதில் முதல் எண்ணைப் பெற்றது. ஆயினும் பதிவு செய்த குறியைப் பிறருக்கு வழங்கவிடுதல் மக்களை ஏமாற்றுவதாகும் என்றே நெடுங்காலம் கருதினர். மிதிவண்டித் தடைக்கம்பி தொடர்பான பௌடன் வழக்கில், ஒரே குறியை இரு கம்பெனிகள் வழங்கியதால் அது யாருடைய பண்டம் என்று காட்டும் தன்மையை இழந்தது என 1914இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான், உடையவர் கண்காணிப்பில் மற்றொருவர் குறியை வழங்குவதற்குப் பதிவு பெற்ற பயனாளர் என்னும் முறை வகுக்கப்பட்டது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டமும் அம்முறையைக் கொண்டிருந்தது. உடையவர் ஓரிடத்திலிருக்க, அவர் பெயரை மற்றொருவர் வேறிடத்தில் வழங்கலாம். கண்காணிப்பு இருந்தால் அதில் ஏமாற்று இல்லை என்பதை நகரத்தார் எழுத்துகள் முன்னரே நடைமுறையிற் காட்டியிருந்தன.

தாளில் நிற்கும் பெயர்

பெயரை எண்ணாமல் இரவல் கொடுப்பதன் விளைவைக் காட்டும் மலாயா வழக்கு ஒன்று உண்டு. அது வணிகக்குறி பற்றியதன்று. ரப்பர் நிலம் பற்றியது. எனினும் தாளில் நிற்கும் பெயருக்கு எவ்வளவு வலிமை என்பதை அதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. 1934ஆம் ஆண்டு ரப்பர் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபோது, 100 ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டங்களுக்குக் கடுமையான விதிமுறை இருந்தது. ஏற்கெனவே 99 ஏக்கர் வைத்திருந்த தந்தை ஒருவர், புதிதாக வந்த 40 ஏக்கரை மகன் பெயருக்கு மாற்றி வைத்தார். பின்னாளில் அதனை விற்க முற்பட்டபோது மகன் இசையவில்லை. பெயர் மட்டுமே மகனுடையது, நிலம் தம்முடையது என்று தந்தை வழக்காடினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1962இல் முடிந்தது. அரசை ஏமாற்றும் நோக்கத்தோடு பெயரை மாற்றியதைத் தந்தையே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தமையால், நீதிமன்றம் அவருக்குத் துணை நிற்க மறுத்தது. நிலம் மகனிடமே நின்றது. மனத்தில் நினைத்திருந்தது ஒன்றாகவும் தாளில் எழுதியது வேறாகவும் இருப்பின், தாளே வெல்லும்.

சாப்பு என்னும் எழுத்தறியார் எழுத்து

இனி, பண்டம் வாங்கும் எளிய மக்கள் பக்கம் வருவோம். தோட்டத்து லயங்களில் நம் பாட்டன் பாட்டியர் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். கடைக்குச் சென்று அவர்கள் கேட்டது படத்தைத்தான். புலித் தைலம், கோடாரித் தைலம் என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அவ்வாறு எழுந்தவையே. இந்துஸ்தானியில் முத்திரையைக் குறிக்கும் 'சாப்' என்னும் சொல் மலாயில் 'சாப்' என்றும், துறைமுக ஆங்கிலத்தில் 'சோப்' என்றும், நம் பேச்சில் 'சாப்பு' என்றும் வழங்குகிறது. ஒரே சொல் பல மொழியாரிடத்தும் பரவியதிலிருந்தே, பல மொழியார் கூடிய சந்தையில் படக்குறி எவ்வளவு வேண்டப்பட்டது என்பது விளங்கும். இன்று மலாயில் 'சாப் ஆயாம்' என்றால் தரமற்ற பண்டம் என்று பொருளாகிவிட்டது. கோழிப் படம் என்ன பிழை செய்தது? குறியின் பின்னே தரம் இல்லாவிடின் குறியே வசைச்சொல்லாகிவிடும் என்பதற்கு அது சான்று.

எழுத்தறியாத தாய், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குத் தைலம் வாங்கப் படத்தை நம்பிச் செல்கிறாள். அப்படத்தைப் பிறர் திருடிப் போலிச் சரக்கில் ஒட்டினால், இழப்பு உடையவருக்கு மட்டுமா? வணிகக்குறிச் சட்டம் பெருமுதலாளிகளைக் காப்பதற்கே பிறந்தது என்பார், இத்தாயை மறந்து பேசுகின்றனர்.

புலித் தைலத்தின் வரலாற்றிலேயே குறியை இரவல் கொடுத்த செய்தியும் உண்டு. ரங்கூனில் ஹக்கா சீன மருத்துவர் ஆவ் சூ கின் தொடங்கிய மருந்துக் கடையை அவர் மக்கள் ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும் வளர்த்தனர். 1926இல் பூன் ஹாவ் சிங்கப்பூருக்குப் பெயர்ந்து தொழிலைப் பெருக்கினார். அவர் பெயரிலுள்ள 'ஹாவ்' புலியைக் குறிக்கும். 1970களின் தொடக்கத்தில் கம்பெனி பிறர் கைக்கு மாறியபோது, தைலத்தின் குறியை 20 ஆண்டுத் தவணைக்கு மற்றொரு குழுமத்துக்கு வழங்கினர். அவ்விருபது ஆண்டும் தைலத்தை விற்றவர் வேறு. புலியை உடையவர் வேறு. 1990களின் தொடக்கத்தில் தவணை முடிந்ததும் குறி ஹாவ் பார் நிறுவனத்துக்கே திரும்பியது. மூன்றாண்டு மேலாளுக்கு விலாசத்தைக் கொடுத்துத் திரும்பப் பெற்ற அதே முறையை இங்கும் காண்கிறோம்.

நம் தோட்டத்து ரப்பருக்கும் இவ்வாறு ஒரு குறி பிறந்தது. முன்னர்ப் புகையூட்டிய தகடுகளைக் கண்ணாற் பார்த்தே தரம் பிரிப்பர். பார்ப்பவர் மாறினால் தரமும் மாறும். ஒப்பந்தம் பூசலில் முடியும். 1965இல் எஸ்.எம்.ஆர். என்னும் மலேசியத் தரக்குறி நடைமுறைக்கு வந்தபின், ஆய்வுக்கூடத்தில் மாசு முதலியவற்றை அளந்து தரம் கூறப்பட்டது. குறியோடு சேர்ந்த எண் மாசின் அளவையொட்டி அமைந்தது. கண் காணாத வாங்குபவரும் ஒப்பந்தத்தில் அவ்வெண்ணை எழுதிச் சரக்கை நம்பிப் பெற முடிந்தது.

கறிக்கடை வழக்கு

குறி உடையவர்க்கு உரிமை உண்டு என்பது மெய். அவ்வுரிமைக்கு எல்லை உண்டு என்பதும் மெய். இதனை நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கடையே உலகறியச் செய்தது. கோலாலம்பூர் ஈப்போ சாலையில் 1999இல் 'மெக்கறி' என்னும் உணவகம் தொடங்கப்பட்டது. மலேசியக் கோழிக் கறி என்பதன் சுருக்கமே அப்பெயர் என்று கடையினர் கூறினர். 'மெக்' என்னும் முன்னொட்டுத் தமக்கே உரியது என மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2001இல் வழக்குத் தொடுத்தது. 2006இல் உயர்நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்த்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பெயர்ப்பலகையின் தோற்றம் வேறு; விற்கும் உணவு வேறு; வருபவர் மயங்க இடமில்லை என்று கண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவைத் தள்ளியது. தோசையும் மீன்தலைக் கறியும் உண்ண வந்தவர், தாம் அமெரிக்கக் கடையில் அமர்ந்திருப்பதாக எண்ணியிருக்க இயலுமோ?

எங்கள் ஊர்ச் சான்றும் ஒன்று உண்டு. இரவில் மின்மினி காணப் படகேறுவோர் பலர் கம்போங் குவாந்தானுக்கு வருகின்றனர். இங்கே படகு விடும் ஒருவர் 'மின்மினி' என்னும் வெறுஞ்சொல்லைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ள முயன்றால் அது கைகூடுவது அரிது. அப்பூச்சி எல்லாப் படகுக்கும் பொது. தம் முயற்சியால் தனித்தன்மை பெற்ற பெயரே தம்முடையதாகும்.

ஒப்பந்தத்தில் நோக்க வேண்டுவன

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு இன்றைய ஒப்பந்தத்தைப் படித்தால் சில செய்திகள் தெளிவாகும். மலேசியாவில் இப்போது நடைமுறையில் உள்ளது 2019ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம். அது 2019 டிசம்பர் 27ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை செய்த பதிவு 10 ஆண்டு நிற்கும், பின் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிந்த குறியை மூன்றாண்டு தொடர்ந்து வழங்காது விட்டால் அதனை நீக்கக் கோருவதற்குப் பிறருக்கு இடமுண்டு.

ஒப்பந்தங்களில் இருவகைக் கொடை உண்டு. ஒன்று உரிமம், 'லைசென்ஸ்' என்று எழுதியிருக்கும். இதில் குறி கொடுத்தவருடையதாகவே இருக்கும். மற்றவர் வழங்கிக்கொள்ள இசைவு பெறுகிறார். மற்றொன்று உரிமைமாற்றம், 'அசைன்மெண்டு' என்று எழுதியிருக்கும். இதில் குறி கைமாறிப் போய்விடும். முன்னது மேலாளுக்கு விலாசத்தைக் கொடுப்பது போன்றது. பின்னது வீட்டைக் கிரயம் செய்து கொடுப்பது போன்றது.

அடுத்து, குறி யார் பெயரில் பதிவாகிறது என்பதைக் காணவேண்டும். விற்பனையாளர் தம் பெயரில் பதிந்துகொள்ள முன்வந்தால், அதனை உதவியாக எண்ணி ஏமாறலாகாது. எந்தப் பண்டத்துக்கு, எந்த மாநிலத்தில், எத்தனை ஆண்டுக்கு என்பன எழுத்தில் வரவேண்டும். பண்டத்தின் தரத்தை உடையவர் வந்து பார்ப்பதற்கும், குறைந்தால் நிறுத்துவதற்கும் வழி இருக்கவேண்டும். தவணை முடிந்தபின் அச்சிட்டு எஞ்சிய பொட்டலச்சீட்டுகளும், விற்காமல் நிற்கும் சரக்கும் என்னாகும் என்பதையும் எழுதிவிடுதல் நலம். இவற்றுள் ஒன்றேனும் சம்பளச் சீட்டு எழுதிய நம் முன்னோர்க்குப் புதியதன்று.

அப்பெண்ணோடு நானும் ஒரு வழக்கறிஞரைக் காணச் சென்றேன். அவர் தாளை இருமுறை படித்துவிட்டு, "கையெழுத்து உங்களுடையதுதானே, அம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை, தலையை அசைத்தாள். இப்போது அவள் பெயரில்லாத பொட்டலத்தில் தூளை விற்கிறாள். பழகியவர்கள் மணத்தைக் கண்டு வாங்குகின்றனர். புதியவர்கள் கடையில் பாட்டியின் பெயரைப் பார்த்து மற்றதை எடுத்துச் செல்கின்றனர்.

தோட்டப்பள்ளி ஆசிரியன் எழுத்தும் எண்ணும் கற்பிப்பவன் மட்டும் அல்லன். கடிதம் வந்தாலும், நோட்டீசு வந்தாலும், ஒப்பந்தம் வந்தாலும் மக்கள் அவனிடமே கொண்டுவருகின்றனர். தெரியாத சொல்லுக்குத் தெரிந்த பொருளைச் சொல்லிவிடும் துணிவு நம் தொழிலோடு வந்துவிடுகிறது, என்னிடமும் இருந்தது. எனவே இவ்வாண்டு முதல் எங்கள் பள்ளியில், ஆறாம் வகுப்பு மாணவரை வீட்டிலிருந்து ஒரு வெற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவரச் செய்து, அதிலுள்ள குறி யாருடையது, செய்தவர் யார், விற்பவர் யார் என்று படித்துக் காட்டச் சொல்கிறேன். சென்ற வாரம் ஒரு சிறுவன் அம்மிப் படம் போட்ட பொட்டலத்தைக் கொண்டுவந்தான். செய்தவர் என்னும் இடத்தில் ஓர் ஆலையின் பெயர் இருந்தது. "இது எங்க ஊரு பாட்டி பேருதானே, சார்?" என்று அவன் கேட்டான். அவனுக்கு விடை சொல்ல அன்றைய பாடவேளை முழுவதும் வேண்டியிருந்தது.